கம்பளத்தில் கோப்பி: கறையைவிட ஈரம்தான் தொல்லை

மட்டக்களப்புப் பக்கம் ஒரு வீட்டில் நல்ல கம்பளம் கிடக்கிறது என்றால், அந்த வீட்டிலிருந்து யாரோ ஒருவர் வளைகுடாவில் இருந்திருக்கிறார் என்று பெரும்பாலும் எண்ணிக்கொள்ளலாம். சவூதி, கட்டார், குவைத் என்று போனவர்கள் கார்கோவில் போட்டு அனுப்பியிருப்பார்கள். போர்வை, பால்மா டின், சென்ட் போத்தல், அவற்றோடு சுருட்டிக் கட்டிய ஒரு கார்பெட். தரை சீமெந்து அல்லது டைல்ஸ். அதன்மேல் செட்டிக்கு (சோபாவுக்கு) முன்னால் இதை விரிப்பார்கள். ஆனால் வருடம் முழுக்க விரிப்பதில்லை. சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, பெண் பார்க்க வருகிற நாள், சாமத்திய வீடு, பெருநாள் என்று வந்தால்தான் இறக்குவார்கள். அதாவது, வீடு நிறையச் சனமும் ஆளுக்கொரு கோப்பிக் கோப்பையும் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் அது தரைக்கு வரும்.

நான் டோஹாவில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். அறை துப்புரவில் தொடங்கி, பிறகு கம்பளம், செட்டி, திரைச்சீலை பார்க்கிற பிரிவுக்கு மாறினேன். ஊருக்குத் திரும்பி, எங்கள் பகுதி வழக்கப்படி மனைவி வீட்டில், ஆரையம்பதியில் குடியிருக்கிறேன். "எங்கட மருமகன் எந்தக் கறையும் எடுப்பார்" என்று மாமி சந்தையில் சொன்ன ஒரு வார்த்தை போதும். கல்லடியிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் ஆட்கள் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கிவிட்டார்கள்.

அங்கே கற்றதில் பாதி இங்கே செல்லாது. டோஹா ஹோட்டலில் இரவு பகலாக ஏசி ஓடும். மாலையில் நனைத்த கம்பளம் காலையில் உலர்ந்து கிடக்கும். அதனால் தண்ணீரைத் தாராளமாக விட்டு மெஷினால் உறிஞ்சி எடுப்போம். இங்கே ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. மாரி தொடங்கினால் கொடியில் போட்ட சாரமே நாட்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். தடித்த கம்பளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னிடம் வந்த பழுதான கம்பளங்களில் கோப்பியால் பழுதானவை குறைவு. கோப்பியை எடுக்கிறோம் என்று வாளி வாளியாக ஊற்றிய தண்ணீராலும், போட்ட சாமான்களைக் கழுவி எடுக்காமல் விட்டதாலும் பழுதானவைதான் கூட. ஆகவே கீழே நான் சொல்கிற ஒவ்வொன்றையும், எவ்வளவு குறைவாக நனைக்கலாம் என்ற கணக்கோடு சேர்த்து வாசியுங்கள்.

யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, வெறுங்கோப்பியா, பால் போட்டதா என்றுதான். பலருக்கு இது தேவையில்லாத விசாரணையாகத் தெரியும். ஆனால் வேலையின் ஒழுங்கே இதில்தான் மாறுகிறது. கோப்பியின் கபில நிறம் கொட்டையை வறுக்கும்போது உண்டாகிறது. அந்தக் கபிலப் பொருள்களும், கோப்பியில் இயல்பாக இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் போன்றவையும் தண்ணீரில் கரைபவை. வெறுங்கோப்பி புதிதாகக் கொட்டினால் பச்சைத் தண்ணீரிலேயே முக்கால்வாசி போய்விடும். பால்மா போட்ட கோப்பி அப்படியல்ல. அதில் புரதம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, எங்கள் ஊர்க் கணக்கில் மூன்று கரண்டிச் சீனியும் இருக்கிறது. புரதம் சூட்டில் இறுகும், கொழுப்பு நாரில் ஒட்டும், சீனி காய்ந்த பிறகு போகிற வருகிற தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்குப் பிறகு கறுப்பாகத் தெரிகிற கறையில் பாதி, கோப்பியே அல்ல, காலில் வந்த ஊத்தை.

அடுத்த கேள்வி, கம்பளம் எந்த நாரில் செய்தது. பின்பக்கத்தில் லேபல் இருந்தால் பிரச்சினை இல்லை. லேபல் கிழிந்துபோயிருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நாரை உருவி எடுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, நாரை அதில் நன்றாக நனைத்துக் காற்றுக் குமிழ் இல்லாமல் அமுக்கி விடுங்கள். திரும்பவும் மேலே வந்து மிதந்தால் அது பொலிப்ரொப்பிலீன். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த கம்பள நார் அதுதான். நைலோன், பொலியெஸ்டர், கம்பளி எல்லாம் தாழும். தாழ்ந்தால் இன்னொரு நாரை முற்றத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகிய மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கட்டியாக இறுகினால் செயற்கை நார்.

எங்கள் பக்கம் வருகிற மெஷின் கம்பளங்களில் மிதக்கிறவைதான் அதிகம். இது நல்ல செய்தி. பொலிப்ரொப்பிலீன் சாயம் ஏற்காத நார். அதற்கு நிறம் கொடுப்பதே நாராக இழுப்பதற்கு முன், உருக்கிய நிலையில்தான். ஆகவே கோப்பியும் அதற்குள் இறங்காது. அப்படியானால் ஏன் கறை போகமாட்டேன் என்கிறது? கோப்பி நாருக்குள் இல்லை, நார்களுக்கு இடையிலும் அடியில் இருக்கிற பின்துணியிலும் காய்ந்து கிடக்கிறது. நைலோன் வேறு கதை. அது சாயத்தைப் பிடிக்கிற நார், கோப்பி நிறத்தையும் பிடிக்கும், சூடான கோப்பி என்றால் இன்னும் இறுக்கமாக. கம்பளியும் அதே ஆள்தான்.

இப்போதுதான் கொட்டியது என்றால் அதிகம் பேச ஒன்றுமில்லை. வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து வைத்து அமுக்கி ஒற்றி எடுக்க வேண்டும். நிறத் துணி வேண்டாம், அதன் சாயமும் இறங்கும். எங்கள் நாட்டில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைகளுக்குக் கட்டையாகிப்போன பள்ளிக்கூடச் சட்டைகள் எந்த வீட்டிலும் கிடக்கும், அதைவிட நல்ல ஒற்றுத் துணி எந்த ஹோட்டலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒற்றும்போது வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நூலின் முறுக்கு அவிழ்ந்து, கறை போன பிறகும் அந்த இடம் மட்டும் பறட்டையாகத் தெரியும். கம்பளத்தைத் தூக்கி அடியிலும் ஒரு மடித்த துவாயை வைத்துவிடுங்கள். ஹோட்டல்களில் கம்பளம் தரையோடு ஒட்டியிருக்கும், அடியைத் தொட முடியாது. நம் வீட்டுக் கம்பளத்தைத் தூக்கலாம் என்பது பெரிய வசதி, அதைத்தான் ஒருவரும் பயன்படுத்துவதில்லை. பிறகு கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்து ஒற்றுங்கள், திரும்பத் தெளித்து ஒற்றுங்கள். துணியில் நிறம் வருவது நிற்கிற வரைக்கும்.

பழைய கறைக்கு வருவோம். கல்லடியில் ஒரு வீடு. சாமத்திய வீடு முடிந்து சாமான்களை ஒதுக்கும்போதுதான் செட்டிக்கு அடியில் பால் கோப்பி ஊறிக் காய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிடுவதற்கு முன் சொந்தக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்துவிட்டார்கள். ஒரு அக்கா தேசிக்காய் பிழிந்திருக்கிறார். பெரியம்மா உப்புக் கொட்டியிருக்கிறார். யாரோ போனில் பார்த்து அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்த்து நுரை வரப் பண்ணியிருக்கிறார்கள். கடைசியில் பார் சவர்க்காரமும் தும்புப் பிரஷும். இந்த நாலையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே நாலுதான்.

தேசிக்காய் அமிலம். வெறுங்கோப்பிக்கு அமிலம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பாலில் தேசிப்புளி விட்டால் என்ன நடக்கும் என்று சமைக்கிற எவருக்கும் தெரியும். கம்பளத்துக்குள் கிடக்கிற பாலும் அப்படியே திரையும். திரைந்த பாலை நூலுக்கு இடையிலிருந்து எடுப்பது சும்மா பாலை எடுப்பதைவிடக் கடினம். பால் கோப்பி என்றால் முதலில் பாலை எடுத்துவிட்டு, அமிலத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும்.

உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். டோஹாவின் ஏசி அறையில் உப்பு உப்பாகவே கிடக்கும். வாவிக்கரையில் இருக்கிற வீட்டில் கம்பளத்துக்குள் தங்கிய உப்பு மாரி முழுக்க அந்த இடத்தை நசநசவென்று வைத்திருக்கும். கல்லடி வீட்டில் அவர்கள் சொன்ன முறைப்பாடே அதுதான்: "தம்பி, அந்த இடம் மட்டும் காயவே மாட்டேங்குது." ஏன் காயும்?

அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்ந்தால் நுரைக்கிறது உண்மை. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது ஒரு உப்புக் கரைசல். கறைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. மணம் போக அப்பச்சோடாவைக் காய்ந்த கம்பளத்தில் தூவி வக்கூமால் உறிஞ்சலாம், அது வேறு. ஈரத்தில் தூவினால் அடியில் கட்டியாகிவிடும்.

பார் சவர்க்காரம்தான் நாலிலும் மோசம். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. கோப்பி, தேநீர் போன்றவற்றின் கறை காரம் பட்டால் இன்னும் கபிலமாகி நிலைக்கப் பார்க்கும். அதோடு எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினத்தண்ணீர். சவர்க்காரம் அதில் வெள்ளைப் பசையாகத் திரண்டு நூலில் ஒட்டிக்கொள்ளும். துணி தோய்க்கும் பவுடரையும் கம்பளத்துக்கு நான் எடுப்பதில்லை. பலவற்றில் துணியை வெள்ளையாகக் காட்ட ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள், அது தங்கி அந்த இடம் மட்டும் நீலம் பாய்ந்த வெள்ளையாக நிற்கும். பால் கறைக்கு நொதியம் (என்சைம்) சேர்த்த லிக்விடைத் தேடி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அதையும் மூலையில் சோதித்த பிறகுதான்.

ஆகவே அந்தக் கம்பளத்தில் முதல் வேலை கோப்பியை எடுப்பது அல்ல, வைத்தியங்களை எடுப்பது. முற்றத்தில் கயிற்றில் போட்டுப் பின்பக்கத்தில் தடியால் தட்டி, காய்ந்த உப்பும் சோடாவும் விழும் மட்டும் விழவைத்தோம். பிறகு குழாய்த் தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் நனைத்து ஒற்றி, நனைத்து ஒற்றி, சவர்க்காரப் பசை குறைகிற வரைக்கும் செய்தோம். குழாய்த் தண்ணீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வளவுக் கிணற்றில் இரும்புத்தன்மை உண்டு, வாளியில் செம்மஞ்சள் கோடு விழுவதைப் பார்த்தாலே தெரியும். இரும்பும் கோப்பியில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் போன்றவையும் சேர்ந்தால் நிறம் இன்னும் கறுக்கும். உங்கள் வாளியில் அந்தக் கோடு இருந்தால் கறை வேலைக்கு உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரோ, கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரோ எடுங்கள். ஒரு கறைக்கு ஒரு லீற்றர் போதும்.

பிறகுதான் பால். ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் லிக்விட். கால்தான். ஹோட்டலில் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் அரைக் கோப்பை ஊற்றப் பார்ப்பார்கள், மேற்பார்வையாளர் கையில் தட்டுவார். அதிகம் ஊற்றினால் அதிகம் வெளுக்காது, அதிகம் தங்கும். தங்கிய லிக்விட் ஒட்டிக்கொண்டு ஊத்தையை இழுக்கும், ஒரு மாதத்தில் கறை திரும்பி வந்துவிட்டது என்பார்கள். இந்தக் கரைசலைத் தெளித்து, மேலே ஈரத் துணி போட்டுக் கால் மணி நேரம் விட்டால் காய்ந்த பால் இளகும். கறை மிகவும் இறுகியிருந்தால் பார்மசியில் விற்கிற கிளிசரினைச் சம அளவு தண்ணீரில் கலந்து முதலில் தடவி ஊறவைக்கலாம். இளகிய பிறகு ஒற்றி எடுக்க வேண்டும்.

அதிலும் பால் விடவில்லை என்றால், நொதியம் சேர்த்த துணி தோய்க்கும் லிக்விடை நன்றாக ஐதாக்கிப் பாவிக்கலாம். லேபலில் புரோட்டியேஸ் அல்லது என்சைம் என்று போட்டிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர், 30 முதல் 40 பாகை வரை. கொதிநீர் ஊற்றினால் நொதியமும் செயலிழக்கும், பாலும் இறுகும். கம்பளியில் இதைத் தொடவே கூடாது. கம்பளியும் ஒரு புரதம்தான், பாலைத் தின்கிற நொதியம் கம்பளத்தையும் தின்னத் தொடங்கும்.

பால் போன பிறகு வினாகிரி. ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர். இங்கே ஒரு சின்ன விஷயம். எங்கள் சமையலறையில் இருப்பது தென்னை வினாகிரி, அதற்கே ஒரு மஞ்சள் கபில நிறம் உண்டு. ஆச்சாறுக்கு அதைவிட நல்லது இல்லை. வெளிர் நிறக் கம்பளத்துக்கு வேண்டாம். கடையில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிற செயற்கை வினாகிரியை வாங்குங்கள். தெளித்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஒற்றி, கடைசியாக வெறும் தண்ணீர் தெளித்து ஒற்றி முடியுங்கள். வினாகிரி மிச்ச நிறத்தை இளக்குவதோடு, முன்னால் போட்ட சவர்க்காரத்தின் காரத்தையும் ஆற்றிவிடும்.

கல்லடிக் கம்பளம் அன்று பின்னேரம் நல்ல வெளிர் நிறமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் போன் வந்தது. கறை திரும்பி வந்துவிட்டதாம். நான் எதிர்பார்த்ததுதான், முதல் நாளே சொல்லியும் இருந்தேன். கம்பளத்தில் ஒரு கோப்பை கொட்டினால் மேலே தெரிவது சின்ன வட்டம், அடியில் பின்துணியில் அது இன்னும் அகலமாகப் பரவியிருக்கும். மேல் நுனி காயும்போது அடியில் இருக்கிற ஈரம் நூல் வழியே மேலே ஏறும், ஏறும்போது கரைந்த கோப்பியையும் தூக்கிக்கொண்டு வந்து நுனியில் விட்டுவிட்டு ஆவியாகும். அதாவது கறை திரும்பி வரவில்லை, இப்போதுதான் வெளியே வருகிறது. இதைக் கண்டு பயந்து திரும்பவும் வாளியால் ஊற்றுகிறவர்கள் இன்னும் ஆழத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அந்த இடத்தை லேசாக வினாகிரித் தண்ணீரில் ஈரமாக்குங்கள். அதன்மேல் வெள்ளைத் துணியை ஒரு விரல் தடிப்புக்கு மடித்து வையுங்கள். அதற்குமேல் ஒரு பொலித்தீன், அதற்குமேல் பாரம். எங்கள் வீட்டில் அரிசி மூடை, இல்லாவிட்டால் அம்மிக் குழவி. இரவு முழுக்க இருக்கட்டும். நூலின் நுனிக்கு வருகிற கோப்பி இனித் துணிக்குள் ஏறிக்கொள்ளும். காலையில் துணியை விரித்தால் ஒரு கபில வட்டம் தெரியும், பார்க்க எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும். வட்டம் விழாத அளவுக்கு வருகிற வரை துணியை மாற்றி மாற்றி வைக்கலாம். எனக்குத் தெரிந்த முறைகளில் பழைய கறைக்கு இதுபோலப் பலன் தருவது வேறில்லை, இதற்குத் தண்ணீரும் கொஞ்சம்தான் வேண்டும்.

அதற்குப் பிறகும் மஞ்சள் நிழல் நின்றால் ஹைட்ரஜன் பெரொக்சைட். பார்மசியில் காயத்துக்கு விற்பதுதான். போத்தலில் 3 சதவீதம் அல்லது 10 வொலியூம் என்று இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றே. 20 வொலியூம் என்றால் 6 சதவீதம், அதைச் சம அளவு தண்ணீர் சேர்த்துப் பாதியாக்குங்கள். செட்டிக்கு அடியில் மறைகிற ஒரு மூலையில் சொட்டு விட்டு, காய்ந்த பிறகு நிறம் போயிருக்கிறதா என்று பாருங்கள். பொலிப்ரொப்பிலீனில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நைலோனில் ஆகலாம். சோதனையில் நிறம் போகாவிட்டால் கறையில் தெளித்து ஒரு மணி நேரம் விடுங்கள், ஒற்றுங்கள், தேவையானால் இன்னொரு தடவை. எனக்கு இதில் பிடித்தது, வேலை முடிந்ததும் அது தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து போய்விடும், கம்பளத்தில் எதையும் விட்டுவைக்காது. கையுறை போடுங்கள். வினாகிரி ஈரம் இருக்கும்போது இதை ஊற்ற வேண்டாம், ஒரே போத்தலில் இரண்டையும் கலக்கவே வேண்டாம், கண்ணையும் மூச்சையும் எரிக்கிற இன்னொரு அமிலம் உண்டாகும். இரும்புத் தண்ணீரும் இதற்கு ஆகாது, வேலை செய்வதற்கு முன்பே பெரொக்சைட் சிதைந்துவிடும்.

குளோரின் ப்ளீச் போட்டால் என்ன என்று கேட்காத வீடு இல்லை. நைலோனின் நிறத்தை எடுத்துவிடும், கம்பளியைக் கரைத்தே விடும். வினாகிரியோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். அவ்வளவுதான் சொல்வேன்.

அயன் பண்ணும் முறையும் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, ஈரத் துணி போட்டு மேலே சூடான அயனை வைப்பது. பொலிப்ரொப்பிலீன் 160 பாகைக்குக் கிட்டவே உருகத் தொடங்குகிற நார். பாரமான செட்டியை அதன்மேல் இழுத்தாலே உரசல் சூட்டில் தடம் விழும். அயனை வைத்தால் கோப்பி நிறக் கறைக்குப் பதிலாக அயன் வடிவத்தில் ஒரு கறை கிடைக்கும்.

இனி உலர்த்துவது. நனைந்த கம்பளம் 24 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பிறகு வருகிற மணத்துக்கு வைத்தியம் இல்லை. பக்கத்து ஊரில் ஒருவர் தன் கம்பளத்தை மாரியில் ஒரு கழுவும் இடத்தில் கொடுத்து, பளிச்சென்று வாங்கிக்கொண்டு வந்தார். கறை துளியும் இல்லை. உள்ளே ஈரத்தோடு சுருட்டிப் பொலித்தீனில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். விரித்த அன்றைக்கே வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பின்பக்கம் சணல் துணி இருந்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சணல் நீண்ட நேரம் ஈரமாகக் கிடந்தால் அதன் கபிலச் சாறு மேலே ஏறி, கோப்பி கொட்டாத இடத்திலும் கோப்பிக் கறை போலத் தெரியும். பலர் அதைக் கண்டு கோப்பி பரவிவிட்டது என்று திரும்ப நனைப்பார்கள். அதற்கு வேண்டியது மெல்லிய வினாகிரித் தண்ணீர் ஒரு தெளிப்பும், ஒரு ஃபேனும்.

எங்கள் ஊருக்கு இயற்கை கொடுத்த நல்ல உலர்த்தி கச்சான் காற்று. மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை, மேற்கே மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, ஈரம் இழந்து சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிற காற்று அது. எல்லோரும் அதைத் திட்டுவார்கள், உதடு வெடிக்கும், புழுதி பறக்கும். கம்பளக்காரனுக்கு அதுதான் பொற்காலம். பெரிதாகக் கழுவ வேண்டிய வேலை எல்லாவற்றையும் நான் அந்த மாதங்களுக்குத் தள்ளிவிடுவேன். பிளாஸ்டிக் கதிரைகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின்மேல் கம்பளத்தைப் பரப்பினால் மேலும் கீழும் காற்று ஓடும். நார் நிற்கிற பூ முகம் கீழே, பின்பக்கம் மேலே. நேர் வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் நிறம் வெளுக்கும், பொலிப்ரொப்பிலீன் நார் நொறுங்கவும் தொடங்கும். மாமர நிழலும் கச்சானும் போதும். (கோழிக்கறி கொட்டிய மஞ்சள் கறைக்கு மட்டும் வெயில் வேண்டும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாகவே மங்கும்.)

நவம்பரிலிருந்து ஜனவரி வரை கொட்டினால் முழுக் கம்பளத்தையும் கழுவவே கூடாது. கறைபட்ட இடத்தை மட்டும், உள்ளங்கை அளவு ஈரத்தோடு, மேலே சொன்ன துணியும் பாரமும் வைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கதிரை மேல் தூக்கிவைத்து ஃபேனைப் பிடியுங்கள். கறை அரைகுறையாக நின்றாலும் பரவாயில்லை. பாலையும் சீனியையும் எடுத்துவிட்டால் மிஞ்சிய நிறம் காத்திருக்கும், அவசரம் இல்லை. கச்சானுக்குப் பெரொக்சைட் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாக் கம்பளத்தையும் நான் தொடுவதில்லை. காத்தான்குடியில் ஒரு ராத்தா வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பட்டுப்போல மினுங்குகிற கம்பளம், சவூதியிலிருந்து மகன் அனுப்பியது, அதன்மேல் கஹ்வா சிந்தியிருந்தது. அரபுக் கஹ்வா நம் கோப்பிபோலக் கறுப்பல்ல, ஏலக்காயும் சிலவேளை குங்குமப்பூவும் போட்ட வெளிர் மஞ்சள். நாரை உருவிக் கொளுத்தினால் கடதாசி எரிகிற மணம். விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து செய்கிற நார். அதற்குத் தண்ணீரே பகை. நனைந்து காய்ந்தால் அந்த இடம் மஞ்சளாகி, பூ விறைத்துவிடும். "ராத்தா, இதுல நான் கை வைக்க மாட்டன். வைச்சா கறை போகும், மினுக்கமும் போகும்" என்றேன். "அப்ப என்ன செய்யச் சொல்றீங்க தம்பி?" என்றார். காய்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றியதோடு விட்டுவிடச் சொன்னேன். கையால் நெய்த கம்பளிக் கம்பளத்துக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். பச்சைத் தண்ணீர், மெல்லிய வினாகிரி, அதற்குமேல் என்றால் அந்த வேலையே பார்க்கிற ஆளைத் தேட வேண்டும்.

நிறுத்த வேண்டிய இடத்தையும் வெள்ளைத் துணியே காட்டும். வினாகிரியும் பெரொக்சைட்டும் முடிந்து, இரவு முழுக்க வைத்த துணி காலையில் வெள்ளையாகவே இருந்தால், கம்பளத்தில் மிஞ்சியிருப்பது இனி எடுக்கக்கூடிய கோப்பி அல்ல. நைலோன் நாருக்குள் இறங்கிய நிறமாக இருக்கலாம், யாரோ போட்ட ப்ளீச் எடுத்துவிட்ட நிறமாகவும் இருக்கலாம். அதற்குமேல் தேய்த்தால் கம்பளம்தான் தேயும். கல்லடி வீட்டில் அப்படி ஒரு சின்ன நிழல் மிஞ்சியது. கம்பளத்தைத் திசை மாற்றிப் போட்டு, நிழல் செட்டியின் காலுக்குக் கீழே வருகிற மாதிரி விரித்துவிட்டோம். அப்படிச் செய்வதானால் காலுக்கு அடியில் தட்டையான பலகைத் துண்டு ஒன்று வையுங்கள், பொலிப்ரொப்பிலீன் பூ பாரத்தில் நசுங்கினால் லேசில் நிமிராது. பலகையிலும் ஈரம் இருக்கக் கூடாது.